வெளிச்சக்காரன் வீட்டுத் தொட்டி

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் வெளிச்சம் என்றால் நான்தான். ஃபிலிமை அச்சுத் தகட்டின் மேல் படுக்க வைத்து, விளக்கைப் போட்டு, நொடிக்கணக்கில் எண்ணி அணைப்பது என் வேலை. பத்து நொடி கூடிவிட்டால் படத்தின் புள்ளிகள் அழிந்து காலண்டர் முருகனுக்குச் சோகை பிடித்த மாதிரி கன்னம் வெளுத்துவிடும். பதினாறு வருஷத்தில் என் கையால் எந்தச் சாமிக்கும் சோகை வந்ததில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை அதிகம் என்பாள் என் மனைவி பொன்னுத்தங்கம். கொஞ்சம் என்று அவள் சொல்வது மரியாதைக்காக.

2007 தை மாதம் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். உள்ளே மணல், நிஜச் செடிகள், பன்னிரண்டு மீன்கள். வீட்டு ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே, பிளக்குப் பக்கத்தில், அவளுடைய தையல் மிஷின் இருந்தது. அதைத் தூக்கி அடுப்படிக்குப் போகும் நடையில் வைத்துவிட்டு அந்த இடத்தில் தொட்டியை வைத்தேன். நடையில் ஜன்னல் கிடையாது, ஒரு நாற்பது வாட் குண்டு பல்புதான். தைக்க அது போதும் என்று நானே முடிவு செய்தேன், பத்து ஜாக்கெட் தைத்தவன் மாதிரி.

செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்றான் மீன் கடை சோலைச்சாமி. எத்தனை மணி நேரம் என்று அவன் சொல்வதற்குள் கிளம்பிவிட்டேன். வெளிச்சத்தைப் பற்றி இன்னொருவன் எனக்குச் சொல்வதா? ஒரு பலகையில் இரண்டு டியூப்பைப் பூட்டித் தொட்டிமேல் வைத்தேன். காலை ஆறுக்குப் போட்டால் இரவு பத்துக்குத்தான் அணைப்பேன். அச்சகத்தில் நொடி பார்க்கிறவன் வீட்டில் மணிகூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் கண்ணாடியில் பச்சை படர்ந்தது. செடி வளர்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு இலையெல்லாம் முடி மாதிரிப் பாசி முளைத்து, தண்ணீர் கீரைக் குழம்பு மாதிரி ஆனது. பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டிப் பார்த்தேன். செடி வாடுகிறதே என்று மூன்றாவது டியூப்பும் பூட்டினேன்.

"அண்ணாச்சி, ஆறு ஆறரை மணி நேரத்துக்கு மேல லைட்டு போடாதீக. அம்புட்டு வெளிச்சத்தையும் பாசிதான் திங்குது" என்றான் சோலைச்சாமி.

"ஏலே, எனக்கே வெளிச்சம் சொல்லித் தாரியா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பொன்னுத்தங்கம்தான் பந்தயம் கட்டினாள். "மீனு இருக்கா செத்துச்சான்னே தெரியல. பங்குனிப் பொங்கலுக்கு எங்கண்ணன் வீட்டுல வாராக. அதுக்குள்ள தண்ணி தெளியலைன்னா எம் மிஷினு பழைய இடத்துக்கு வரணும்."

"தெளிஞ்சிட்டா?"

"தொட்டி அங்கனயே இருக்கட்டும். நான் நடையிலயே கெடக்கேன்."

தினமும் பிரஷ்ஷும் கையுமாகச் சுரண்டினேன், பத்து நாளில் பச்சை வெளிறியது. இருபதாம் நாள் பன்னிரண்டு மீனையும் எண்ண முடிந்தது. அச்சகத்தில் வகுப்பே எடுத்தேன், பிரஷ்ஷை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்பது உட்பட. பொன்னுத்தங்கம் தொட்டியைப் பார்த்து, "ஆமா, தெளிஞ்சிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடைக்குப் போனாள். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். ஜெயித்த சந்தோஷத்தில் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு அச்சகத்தில் மோட்டார் புகைந்துவிட்டது. மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். தொட்டிமேல் பலகை இல்லை. நடையில் பகல் மாதிரி வெளிச்சம். சுவர் ஆணியில், பழைய சேலைக் கிழிசலில் கட்டித் தொங்கியது என் பலகை. கீழே பொன்னுத்தங்கம் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"வையாதீக. பொங்கலுக்கு இருவது ஜாக்கெட்டு வந்திருக்கு. இந்த பல்புல ஊசிக் காது தெரியமாட்டேங்கு, கண்ணுல தண்ணியா வடியுது. காலையில எட்டு மணிக்கு நீங்க போனதும் எடுத்துக்கிடுவேன், சாயங்காலம் அஞ்சரைக்கு வச்சிருவேன்."

"எம்புட்டு நாளா?"

"பந்தயம் கட்டுன மறுநாள்ல இருந்து."

கணக்குப் போட்டேன். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலத்துக்கு மேல் நாலரை. தொட்டிக்குக் கிடைத்தது ஆறரை மணி நேரம். பாசியைக் கொன்றது என் பிரஷ் இல்லை. எனக்குத் தெரியாமல் விளக்கை எடுத்து, அவள் பந்தயத்தில் தன்னையே தோற்கடித்திருக்கிறாள்.

டியூப்களை அணைத்துவிட்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, குண்டு பல்பு வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்த்துப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் புள்ளி எண்ணுகிற கண் இது. ஆறு தடவை முயன்றும் நூல் நுழையவில்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு மாதமாக இவள் இங்கேதான் தைத்தாள். மீனுக்கு மூன்று டியூப் போட்டவன் இவளுக்கு ஒன்று போடவில்லை.

மீன்களை வாளிக்கு மாற்றித் தண்ணீரை இறைத்துவிட்டு, தொட்டியை நடைப் பக்கம் நகர்த்தத் தொடங்கினேன். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"பந்தயத்துல நீங்கதான ஜெயிச்சீக? எதுக்குத் தொட்டிய இங்கிட்டுக் கொண்டாரீக?"

"அதுக்கு அம்புட்டு வெளிச்சம் ஆகாதாம்."

"யாரு சொன்னா?"

"நீதான்" என்றேன்.