அக்ஸோரியஸ் என்றொரு சொல்லை அனுப்பித் தொலைத்தேன்

1

இந்தக் கதை என் கொழுப்பில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியாருக்குக் கை சும்மா இருக்குமா? சிங்காநல்லூர் குளக்கரையில் காலையில் நடக்கிற எங்கள் கூட்டத்துக்கு, வாட்ஸ்அப்பில் தினம் ஒரு சொல் அனுப்புவேன். போன வருஷம் ஒருநாள் அனுப்பியது 'அக்ஸோரியஸ்'. பெயரடை. பெண்டாட்டிமேல் அளவுமீறிப் பிரியம் வைத்த என்று பொருள். லத்தீனில் 'உக்ஸர்' என்றால் மனைவி, அங்கிருந்து வந்தது. பெரும்பாலும் கேலியாகத்தான் புழங்குகிறது.

அதோடு வாயை மூடியிருக்கலாம். எடுத்துக்காட்டு வாக்கியம் வேறு போட்டேன்: 'நம்ம நாசர் பாய் ஓர் அக்ஸோரியஸ் கணவர்.'

2

அப்துல் நாசருக்கு உக்கடத்தில் பெயிண்டுக் கடை. மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவார். சாஜிதா பேகம் பெரிய சஹன் தட்டில் சோறு போட்டுக் காத்திருப்பாள். ஒரே தட்டில், எதிரெதிராக உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

(விருந்தில்தானே சஹன் வைப்பார்கள் என்று கேட்பீர்கள். இவர்களுக்குத் தினமும் விருந்து. போதுமா?)

என் செய்தி வந்த மதியம், எங்கள் நடைக் கூட்டத்தில் ஒருவரான பக்கத்துக் கடை ரங்கராஜ் குரல் கொடுத்தார். "ஏனுங்க பாய், மணி ஒண்ணாச்சு. அக்ஸோரியஸ் கெளம்பலீங்களா?"

நாசரும் சிரித்தார். ஆனால் மறுநாள் முதல் கடைக்கே கேரியர் கொடுத்தனுப்பச் சொன்னார்.

"கொழம்பு ஏதாச்சும் சரியில்லீங்களா?" என்றாள் சாஜிதா.

"சேச்சே. கடையில வேலை."

அந்தச் சொல்லை அவளிடம் சொல்லவேயில்லை. சொன்னால் சிரித்திருப்பாள், அவ்வளவுதான். மனுஷனுக்குக் கூச்சம்.

3

பதினோரு மாதம் கழித்து ரங்கராஜ் கடையைக் காலி செய்துகொண்டு காங்கேயம் போய்விட்டார். கேலி பேச ஆளில்லை. ஒருநாள் நாசர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போனார்.

சாஜிதா அவரைப் பார்த்ததும் கண்கலங்கி

(இல்லை. அப்படி நடக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

"ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்களா? நான் பன்னெண்டுக்கே சாப்பிட்டுப்போட்டேனே" என்றாள். சின்னத் தட்டில் சோறு போட்டாள். சஹன், தண்ணீர் டிரம்முக்கு மூடியாகக் கிடந்தது.

"நீயும் உக்காரு, சாஜி."

"வவுறு நெறஞ்சுபோச்சுங்க. நீங்க சாப்புடுங்க."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. பழகிவிட்டாள். நாசர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

4

முடிவு ஒன்று: மறுநாள் சாஜிதா சஹனைக் கழுவி வைத்துக் காத்திருந்தாள். எழுதிப் பார்த்தேன். என் குற்றத்தை நானே மன்னித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. கிழித்துப்போட்டேன்.

முடிவு இரண்டு: நாசர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி

(இது என் கையில் இல்லை.)

இன்று காலை குளக்கரையில் நாசர் என்னைத் தனியாக நிறுத்தினார். "சார், புருசன்மேல அப்படிப் பிரியமா இருக்கறவளுக்கு ஒரு வார்த்தை இருக்குதுங்களா? சாஜிதாகிட்டச் சொல்லோணும். இன்னைக்கு மத்தியானம் ஊட்டுக்குப் போறனுங்க."

அகராதிகளைப் புரட்டினேன். இருந்திருக்கிறது. யாரும் எடுத்துப் புழங்காமல் விட்டதில் வழக்கொழிந்துபோன சொல் என்று குறித்திருக்கிறார்கள்.

சொல்லையும், வழக்கொழிந்தது என்ற குறிப்பையும் டைப் செய்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. குறிப்பை அழித்துவிட்டுச் சொல்லை மட்டும் அனுப்பட்டுமா? போன தடவை யாரையும் கேட்காமல் அனுப்பினேன், பட்டது போதும். இந்தத் தடவை உங்களைக் கேட்கிறேன்.

மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்கு அவர் ஷட்டரை இறக்கிவிடுவார். அதற்குள் சொல்லுங்கள்.