பிணைத்த இடம்

நாடாவை விரல்களுக்கு நடுவே விட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிரவீனாவின் கட்டை விரலில் சாம்பல் ஒட்டியது.

பச்சை நிற நைலான் நாடா. விமானத்திலிருந்து குதிக்கும் படைவீரனைப் பாராசூட்டோடு சேர்த்துக் கட்டுகிற பட்டைகளை இதில்தான் தைப்பார்கள். செவிலிமேட்டில் அவளும் கணவன் கமலும் நடத்தும் தகரக் கொட்டகையில் இந்த நாடா நெய்யப்பட்டு, சென்னைக்கு வடக்கே இருக்கும் தையல் தொழிற்சாலைக்குப் போகும். முன்பு இதே நாடாவை இன்னும் இரண்டு இடங்களில் நெய்தார்கள். ஒருவர் கட்டுப்படியாகவில்லை என்று விலகினார், இன்னொருவர் தறிகளையே விற்றுவிட்டார். மறுபடி ஆள் தேட யாருக்கும் பொறுமை இல்லை. ஒப்பந்தம் முழுக்க இவர்களுக்கே வந்த அன்று, "இனி நாமதான் ராஜா பிரவீ" என்று கமல் மகள் அபியைத் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தான்.

துணியியல் டிப்ளமா படித்த பிரவீனாதான் சோதனை பார்ப்பவள். ஒவ்வொரு ரோலின் நுனியிலும் ஒரு துண்டு வெட்டி இயந்திரத்தில் இழுத்து, தாங்குகிறது என்று கையெழுத்துப் போடுவாள். ஆரம்பத்தில் தொழிற்சாலையிலும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் வாங்க வேறு நாடா இல்லாதபோது, சோதித்து என்ன ஆகப் போகிறது?

நைலான் நெய்கிற இடத்தில் சாம்பலுக்கு வேலையே இல்லை. அது பட்டுத்தறி வழக்கம். தறியில் நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு தீர்ந்ததும் அதன் இழை முனைகளைப் புதுப் பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டுத் திரித்துப் பிணைப்பார்கள். பிணைத்த இடம் புடவைக்குள் வராது. அதை முன்னே இழுத்து விட்டுவிட்டுத்தான் அடுத்த புடவையைத் தொடங்குவார்கள். பட்டு நெசவாளர் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கமல் பிணைப்பதைப் பார்க்கவே அவள் ஏதாவது சாக்குச் சொல்லி அந்தத் தறிப்பக்கம் போவாள். எங்கே பிணைத்தான் என்று கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது.

சாம்பல் ஒட்டிய இடத்தை வெட்டி இயந்திரத்தில் மாட்டினாள். முள் கால்வாசி ஏறுவதற்குள் நாடா இரண்டாக அறுந்தது. இழைகள் கிழியவில்லை. வரிசையாக, ஒரே இடத்தில், உருவிக்கொண்டு வந்திருந்தன.

கமல் டீயோடு உள்ளே வந்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தான்.

"இது இன்னா கமல்?"

"அந்த ரோலு போகாது. தனியா எடுத்து வச்சேன்."

"தனியா வச்சது எப்டி என் மேசைக்கு வந்துது?"

அவன் தம்ளரை ஓரமாக நகர்த்தினான்.

"கேக்கறேன் இல்ல?"

"நூலு வரல பிரவீ. தைக்கறவங்க ஒத்துக்கினது அந்த ஒரே மில்லு நூலுதான். அவன் மெஷின் படுத்துக்கினு ரெண்டு மாசமாச்சு. ரோலு நடுவுல வெட்டு இல்லாம முழு நீளமா இருந்தாதான் எடுப்பாங்க. மிச்சம் மீதி பாவ வச்சுக்கினு இன்னா பண்ண சொல்ற? பிணைச்சேன். நைலானுக்குச் சாம்பல் பத்தலன்னு கொஞ்சம் பசையும் தொட்டேன்."

"பிணைச்ச எடத்தையும் சேத்து நெய்ஞ்சுட்ட."

"என் பிணைப்பு பட்டுல ஒரு தடவையாவது விட்டுக்கீதா? நீயே சொல்லு."

"பட்டுல புடவையதான் கட்டுவாங்க. இதுல ஆளு தொங்குவான்."

கமல் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"போன லோடுலயும் இருக்குதா?"

தலையை மட்டும் ஆட்டினான்.

"எந்தெந்த ரோலு?"

"அடையாளம் வைக்கல. அடையாளம் வச்சா உன் கண்ணுல பட்டுருமே."

அந்த ரோல்கள் எல்லாவற்றின் நுனியையும் இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். நுனிகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. தொழிற்சாலை அதிகாரி மணிவண்ணனுக்குப் போன் போட்டாள். நல்ல மனிதர். அபியின் காதுகுத்துக்கு வந்து மொய் வைத்துவிட்டுப் போனவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எல்லாம் தைச்சு முடிச்சாச்சும்மா. மத்தியானம் லாரி வருது. திங்கக்கிழமை பயிற்சிப் பசங்க குதிக்கறாங்க."

"நிறுத்திடுங்க சார்."

"நிறுத்திட்டு எதைக் குடுக்கறது? பழைய பட்டையெல்லாம் ஆயுசு முடிஞ்சு கழிச்சாச்சு. உங்களை விட்டா என்கிட்ட வேற பேரே இல்ல. மேல போய்ச் சொன்னா, எது கெட்டதுன்னு கேப்பாங்க. அதைக் காட்டுங்க, எடுத்துடறேன். மொத்தத்தையும் நிறுத்துன்னா என்னால முடியாது."

"மிஷின்ல இழுத்துப் பாத்தா நல்லதும் பாழாயிடும் சார்."

"அப்போ கையால கண்டுபிடிங்க. லாரி வர்றதுக்குள்ள வாங்க."

மாமியார் பொன்னியம்மாளிடம் அபியை விட்டுவிட்டு, சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டியில் கிளம்பினார்கள். வாலாஜாபாத் தாண்டினார்கள். அறுந்த நாடாத் துண்டு பிரவீனாவின் மடியில் இருந்தது.

"இது வெளிய வந்தா என்னை உள்ள வச்சுருவாங்க," என்றான் கமல்.

"தெரியும்."

"உன் கையெழுத்து இருக்குது. உன்னையும் கேப்பாங்க."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

கொஞ்ச தூரம் போன பிறகு, "இந்த வெரலப் பாத்துதான விழுந்த நீ," என்றான். சிரிக்க வைக்கத்தான் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த மனிதனை வெறுக்க முடிந்தால் இன்றைக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள்.

தொழிற்சாலைக் கிடங்கில் தைத்த பட்டைகள் வரிசையாகக் கொக்கிகளில் தொங்கின. தோளுக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு, மார்புக்குக் குறுக்கே ஒன்று. உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் ஆள் நிற்பது போலவே இருந்தது. மணிவண்ணன் கதவைச் சாத்தினார்.

கமல் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு முதல் பட்டையைப் பிடித்தான். கண்ணை மூடி, விரல் நுனியால் மெதுவாக நகர்ந்தான். அடுத்தது. அதற்கடுத்தது. பிரவீனா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைக்கும்போது தேய்த்துத் துடைத்ததில் சாம்பல் எல்லாம் எப்போதோ போயிருந்தது. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போனான். முன்பு தொட்டதற்கே திரும்பி வந்தான். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மணிவண்ணன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கமல், கேளுப்பா. ஒரு அஞ்சாறு எடுத்துக் காட்டு. இதுதான்னு சொல்லு. நான் எழுதிக்கறேன். தப்பைக் கண்டுபிடிச்சோம், எடுத்துட்டோம்னு ஆயிடும். மீதி போகட்டும். உனக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் இல்ல."

கமல் ஒரு பட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். இதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். அபிக்குத் தலை பின்னிவிடலாம். அவன் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணம் பிரவீனாவும் ஆசைப்பட்டாள். அந்த ஆசைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"தெரியல சார்," என்றான். "நான் பிணைச்சது எனக்கே தெரியல. இதுல இருக்கலாம், அதுல இருக்கலாம். எல்லாத்துலயும் நான்தான் இருக்கறேன்."

"அப்போ என்னால ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. சந்தேகத்துக்கு நான் நிறுத்த முடியாது. பட்டையே உபயோகப்படாம போனாத்தான் லாரி நிக்கும்."

வெளியே லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது.

தையல் மேசை மேல் கனத்த கத்தரிக்கோல் ஒன்று கிடந்தது. பிரவீனா அதை எடுத்துக்கொண்டு வந்து கமல் கையிலிருந்த பட்டையில் வைத்தாள். நைலான் வழுக்கியது. வெட்டுப்படவில்லை. பிடியும் நழுவியது.

"அம்மா, இது சர்க்கார் சொத்து," என்றார் மணிவண்ணன். அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. அதையும் எடுக்கவில்லை.

கமல் பட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து விறைப்பாக இழுத்தான். புடவை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுக்கும்போது பிடிப்பது போல. சங்கத்தில் அவள் அறுக்க, அவன் இப்படிப் பிடித்திருக்கிறான்.

"இப்ப வெட்டு," என்றான்.

வெட்டினாள். பட்டை தொப்பென்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. கதவை யாரோ தட்டினார்கள். கமல் கொக்கியிலிருந்து அடுத்ததை எடுத்தான்.