பூட்டிய வீடுகளுக்குப் போன வண்டி

வாஷிங் மெஷின் மெக்கானிக் வரி அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தில் ஒட்டிய கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாத்தனார். வாடிக்கையாளர்களின் போனை எடுத்து, எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று சொல்வது அவள் பொறுப்பு. வெளியே தூறலில் நின்ற வேனின் முன்சக்கரங்கள் இரண்டும் மொட்டை. வேலைக்காக ஓட்டிய தூரத்தைச் செலவாக ஏற்றுக்கொண்டால் கட்டிய வரியில் கொஞ்சம் திரும்பி வரும், டயர் மாற்றிவிடலாம். இல்லையென்றால் மழைக்காலம் முழுக்க இதே சக்கரம்தான்.

"பயப்படாதீங்க அண்ணி. ஓடின தூரத்தை யாரு இல்லைன்னு சொல்லிட முடியும்?"

"நானா பயப்படுறேன்? உள்ள உக்காந்திருக்கிற அந்த ஆபீசர்தான் பயப்படணும்."

உள்ளே அதிகாரி அவள் எழுதியிருந்த பயணங்களில் பாதியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"இதுக்கெல்லாம் பில் எங்கம்மா?"

"பில் எப்படி சார் இருக்கும்? வரச் சொல்லிட்டு வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. பெல்லை அடிச்சு விரல் தேஞ்சதுதான் மிச்சம்."

"வேலை நடக்கலைன்னா அது தொழில் பயணம் இல்லை."

"அப்ப என்ன சார், டூல் பெட்டியைத் தூக்கிட்டு ஊர் சுத்தவா போனேன்?"

நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். அதிகாரி நிமிரவில்லை.

"சரி, இங்க மூணு தடவை வந்திருக்கேன். ரெண்டு தடவை நீங்க லீவு. அதையாவது சேத்துக்கலாமா?"

"இங்க வர்றது உங்க சொந்த வேலைம்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேலதிகாரியைப் பாக்கணும்."

"மாடியில. இன்னிக்கு வரலை."

"நாளைக்கு வர்றேன். அவரு வராம எங்க போயிடுவாரு?"

வேனை வாசலுக்கு ஓட்டிவந்தபோது காவலாளி கையை நீட்டினார். "வண்டி நிறுத்தினதுக்குக் காசு."

"வந்த வேலையே நடக்கலையே அண்ணே."

"வேலை நடந்தா என்ன, நடக்காட்டி என்ன? வண்டி உள்ள வந்துச்சுல்ல?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு காசை எடுத்துக் கொடுத்தாள். அவர் கிழித்துத் தந்த ரசீதில் தேதி இருந்தது, வண்டி எண் இருந்தது, அதே அலுவலகத்தின் முத்திரையும் இருந்தது.

"பத்திரமா வை. நாளைக்கு மாடிக்கு எடுத்துட்டுப் போறோம்."

நாத்தனார் அதைப் பர்ஸில் மடித்து வைத்தாள். ஈரமான வாசல் சரிவில் மொட்டைச் சக்கரம் ஒருமுறை வழுக்கி, காவலாளி விலகி நின்றதும் மறுபடி பிடித்து ஏறியது.