பல் தேய்க்கிற வேகம்

பெரியவர்கள் அளவு ஸ்கேட் ஷூக்களை மொத்தமாகத் தள்ளிவிட முதலாளி ஆள் பார்த்துவிட்டார்.

விஷயம் வெள்ளிக்கிழமை பாட்டக்காவின் காதுக்கு வந்தது. ஸ்கேட்டிங் தளத்தின் ஓரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பாட்டுப் போடுகிறவள் அவள். அங்கே வருகிற பொடிசுகள் வைத்த பெயர்தான் பாட்டக்கா. ஞாயிறு மாலை ‘குடும்ப நேரம்’ அவளுடைய ராஜ்யம். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து உருளட்டும் என்று அவள் அடம்பிடித்து வாங்கிய நேரம் அது. உருண்டது என்னவோ பிள்ளைகள் மட்டும்தான். பெற்றவர்கள் சுவரோர பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள்.

முதலாளி கூண்டின் கதவைத் தட்டினார். சுற்றி வளைக்கவில்லை.

“ஏம்மா, பெரிய சைஸ் அலமாரி தூசி படிஞ்சு கிடக்கு. இந்த ஞாயித்துக்கிழமை அதுல பாதியாவது கீழ இறங்கணும். இல்லன்னா அந்த நேரத்தை ஹாக்கி பசங்களுக்குக் குடுத்துடுவேன்.”

ஹாக்கிப் பையன்களுக்குப் பாட்டு வேண்டாம். பாட்டு வேண்டாம் என்றால் கூண்டு வேண்டாம். கூண்டு வேண்டாம் என்றால்... அந்த வாக்கியத்தை முடிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

சிக்கல் இதுதான். புதுப் பாட்டுப் போட்டால் பிள்ளைகள் பறந்தார்கள்; பெஞ்ச் இன்னும் ஆழமாகப் போனுக்குள் முங்கியது. பழைய பாட்டுப் போட்டால் பெஞ்சில் தலைகள் நிமிர்ந்தன, ஒரு அப்பா கண்ணை மூடி முணுமுணுக்கக்கூடச் செய்தார். பிள்ளைகளோ ஒவ்வொருவராகக் குளிர்பான மெஷின் பக்கம் நழுவினார்கள். பெற்றவர்களுக்குத் தெரிந்த பாட்டாக இருக்க வேண்டும், பிள்ளைகளின் காலைச் சும்மா இருக்கவும் விடக் கூடாது. அப்படி ஒன்று வேண்டும், அதுவும் நாளை மறுநாளுக்குள்.

வீட்டில் அதற்கு அவள் ஒரு பரீட்சை வைத்திருந்தாள். காலையில் மகள் வாலுவும் கணவரும் ஒரே வாஷ்பேசின் முன்னால் இடித்துக்கொண்டு பல் தேய்ப்பார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் ரெக்கார்டு பிளேயரைச் சுழலவிடுவாள். அபிப்பிராயம் கேட்க மாட்டாள். கேட்டால் கணவர் நல்லாயிருக்கு என்பார். உப்புப் போட மறந்த நாளிலும் அவர் அதையேதான் சொல்வார். வாலு, பதினொரு வயதுக்கே உரிய தோரணையில், எதைப் போட்டாலும் போர் என்பாள். வாயில் நுரை இருக்கும்போது இரண்டு பேராலும் பேச முடியாது. பிரஷ் உண்மையைச் சொல்லிவிடும்.

சனிக்கிழமை காலை பழைய சாமான் கடையில் அள்ளி வந்த கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். பிரஷ்கள் தூங்கி வழிந்தன. உறை கிழிந்த ஒரு ரெக்கார்டு வந்தது. எடுத்தவுடன் ஒரு விசில். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு டிரம்பெட். பிறகு பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து மூன்று கைதட்டல். வாலுவின் பிரஷ் வேகம் பிடித்தது. கணவரின் பிரஷ் அதைத் துரத்தியது. பல்லவி முடிவதற்குள் இரண்டும் ஒரே தாளத்தில் ஓட, கண்ணாடி முழுக்க நுரைப் புள்ளி. துடைக்கப்போவது தான்தான் என்று தெரிந்தும் பாட்டக்கா வாசற்படியில் சாய்ந்து சிரித்தாள்.

சிக்கியது.

ஞாயிறு மாலை பெஞ்ச் நிறைந்திருந்தது, அலமாரியும் நிறைந்திருந்தது. முதலாளி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தளத்தில் கூட்டம் சேரும்வரை பொறுத்து, பாட்டக்கா அந்த ரெக்கார்டின் மேல் முள்ளை இறக்கினாள்.

விசில் வந்தது, ஜுரத்தில் படுத்தவன் அடித்த விசில் மாதிரி. டிரம்பெட் கொட்டாவி விட்டது. கைதட்டலுக்கும் கைதட்டலுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்துவிடலாம் போலிருந்தது. பெஞ்சில் சில தலைகள் நிமிர்ந்து, அட இதுவா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தன. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பொடியன் மெஷினை நோக்கிக் கிளம்பினான். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதே ரெக்கார்டு. ஸ்பீக்கரோ வீட்டில் இருப்பதைவிடப் பத்து மடங்கு உசத்தி.

வாலு சறுக்கிக்கொண்டு வந்து கூண்டின் ஜன்னலைப் பிடித்து நின்றாள்.

“அம்மா, இது அந்தப் பாட்டு இல்ல.”

“அதேதான்டி. உன் கண் முன்னாலதானே உறையில போட்டேன்.”

“நம்ம வீட்டுல இப்படி இழுக்காதும்மா.”

பாட்டக்காவின் மூளையில் ஏதோ ஒன்று பொறி தட்டியது. இன்டர்காமை எடுத்தாள். அந்தப் பக்கம், ஷூ கவுன்டரில், அவள் கணவர். ஸ்கேட் சக்கரங்களைப் பழுது பார்ப்பவர். வீட்டுப் பிளேயரில் பெல்ட்டை இழுக்கிற குட்டிச் சக்கரம் ஆறு மாதம் முன்னால் உடைந்தபோது, கடையில் வாங்குவதா, நான் எதற்கு இருக்கிறேன் என்று பட்டறையில் அவரே கடைந்து மாட்டியிருந்தார்.

“ஏங்க, பிளேயருக்கு நீங்க செஞ்சு போட்ட சக்கரம், பழைய சைஸ்தானே?”

ஒரு இருமல் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த இருமலின் அர்த்தம் அவளுக்கு மனப்பாடம்.

“கொஞ்சம் பெருசு.”

“கொஞ்சம்னா?”

“சின்னதா போட்டா பெல்ட் வழுக்குச்சு. இப்ப என்ன, நல்லாத்தானே ஓடுது?”

சக்கரம் பெருத்தால் தட்டு வேகமாகச் சுற்றும். ஆறு மாதமாக அந்த வீடு எல்லாப் பாட்டையும் கொஞ்சம் ஓடிக்கொண்டேதான் கேட்டிருக்கிறது. ஸ்கேட் மெக்கானிக் கைவைத்த எதுவும் நிதானமாக ஓடாது என்று அவளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

கூண்டிலிருந்த பிளேயரில் வேகத்தைக் கூட்ட, மேலும் கீழும் நகர்த்துகிற ஒரு பொத்தான் உண்டு. அதை அவள் தொட்டதே இல்லை. ஒருத்தர் அளவெடுத்துத் தைத்த சட்டையை நாம் பிரிப்பதாவது என்ற எண்ணம். தவிர, பெஞ்சில் இருப்பவர்கள் இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். இம்மி மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். வாசலில் நிற்கிறவரும்தான். சொதப்பினால் பாட்டும் போச்சு, நேரமும் போச்சு.

விரலை வைத்து மெல்ல மேலே தள்ளினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். தளத்தின் நடுவிலிருந்து வாலு கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலைப் பல்லுக்கு முன்னால் வைத்து, பிரஷ் மாதிரி ஆட்டிக் காட்டினாள். போதாது. பாட்டக்கா மேலும் தள்ளினாள். மகளின் விரலும் பாட்டும் ஒன்றையொன்று எட்டிப் பிடித்த நொடியில் வாலு கட்டை விரலை உயர்த்தினாள். பாட்டக்கா கையை எடுத்தாள்.

சிவப்புத் தொப்பி குளிர்பான மெஷின் முன்னால் நின்று திரும்பிப் பார்த்தது. அப்புறம் கையில் டின்னோடு வந்த வழியே ஓடி வந்தது. பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்தார்கள், தப்புத் தப்பான இடத்தில். பெஞ்சில் ஆபீஸ் உடுப்போடு இருந்த ஒரு அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. போனை மடியில் வைத்துவிட்டுச் சரியான இடத்தில் தட்டிக் காட்டினாள். அவள் பெண் உருண்டு வந்து, எனக்கு வரல, நீ உள்ள வந்து காட்டு என்று கையைப் பிடித்து இழுத்தது. அந்த அம்மா செருப்பைக் கழற்றினாள். வழக்கமாகக் கண்ணை மூடி முணுமுணுக்கிற அப்பா, கால் முட்டி துள்ளுவதை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்துவிட்டு, தோற்றுப்போய் எழுந்தார்.

பாட்டு முடிந்தது. பாட்டக்கா யாரையும் கேட்காமல் முள்ளைத் தூக்கி மறுபடி முதலில் வைத்தாள். அடுத்த பாட்டும், அதற்கடுத்ததும், பொத்தான் நின்ற இடத்திலேயே நிற்க, அதே துள்ளலில் போயின. தளத்தில் இப்போது பிள்ளைகள்தான் சிறப்பாக உருண்டார்கள். பெற்றவர்கள் அவர்கள் தோளைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டே, கைதட்டலில் மட்டும் ராஜாவாக இருந்தார்கள்.

இன்டர்காம் அடித்தது. கணவருக்கு மூச்சு வாங்கியது.

“அலமாரி காலி. துடைக்கக்கூட விடல, தூசியோட பிடுங்கிட்டுப் போறாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “என் சக்கரம் எப்படி?” என்றார்.

“வீட்டுக்கு வாங்க, சொல்றேன்” என்று வைத்தாலும், அவள் முகத்தில் அடங்காத சிரிப்பு.

கூண்டின் கதவு தட்டப்பட்டது. முதலாளி, ஷூ இல்லாமல், சாக்ஸோடு நின்றார்.

“ஏம்மா, இதை நான் சின்ன வயசுல ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். இன்னிக்கு என்னமோ வேற மாதிரி இருக்கே.”

ரெக்கார்டு தேய்ந்துவிட்டது என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பாட்டக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வேகத்தைக் கூட்டியிருக்கேன் சார். எங்க வீட்டுல இப்படித்தான் ஓடும்.”

அவர் தளத்தைப் பார்த்தார், வெறிச்சென்று கிடந்த பெஞ்சைப் பார்த்தார். ஹாக்கி பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஒன்பதாம் நம்பர் ஒரு ஜோடி தனக்கு எடுத்து வைக்கச் சொல்ல முடியுமா என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

பாட்டக்கா மைக்கைத் தட்டினாள்.

“பெரியவங்க சைஸ் எல்லாம் தீந்துபோச்சு. காத்திருக்கிறவங்க தயவுசெஞ்சு பெஞ்சுல உக்காருங்க. இடம் நிறைய இருக்கு.”