சீமோனின் படத்துக்கு முன்னால் விளக்கு

சென்ற ஞாயிறு பூசை முடிந்த கையோடு நானும் மனைவி பேர்ணடெற்றும் நகரத்துக்குப் போனோம். நிறவெறிக்கு எதிராக இந்த நாட்டில் நடந்த போராட்டங்களைச் சொல்லும் மியூசியத்தில், அவளுடைய தமையன் சீமோனின் படத்தை மாட்டியிருப்பதாக அறிவித்திருந்தார்கள்.

சீமோன் அகதியாக வந்து பார்க்டேல் பகுதியில் எங்களோடு இருந்தவன். சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவிவிட்டு நடந்து வந்தவனை, "உன்ரை நாட்டுக்குப் போ" என்று சொல்லி மூன்று வெள்ளைப் பெடியள் தலையில் அடித்தார்கள். அதைக் கண்டித்து ஊர்வலங்கள்கூட நடந்தன. அன்றிலிருந்து அவனுக்குப் பேச்சில்லை. ஒஷாவாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் படுக்கையில் கிடக்கிறான்.

மியூசியச் சுவரில் மாட்டியிருந்தது, கலியாணம் பேசிய பெண் வீட்டாருக்கு அனுப்பவென்று அவன் அடிபடுவதற்கு முன்னர் எடுத்த படம்.

"கோட் என்ரை. கை கட்டையாய் நிக்குது பார்," என்றேன்.

"உங்கடை கோட்டைப் போட்டபடியாத்தான் ஒருத்தியும் ஓமெண்டு சொல்லேல்லை," என்று சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். படத்துக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரிந்தது. எங்கள் வீடுகளில் அது புனிதர்களின் சுரூபங்களுக்கு முன்னால் எரியும். அல்லது செத்தவர்களின் படத்துக்கு முன்னால்.

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு ஆர் விளக்கு வைச்சது?"

அங்கே வேலை செய்யும் ஸ்டெபனி ஓடி வந்தாள். எங்கள் கோயில் பங்குப் பிள்ளைதான்.

"சொறி அன்ரி. எங்கடை முறைப்படி இருக்கட்டுமெண்டு நான்தான் வைப்பிச்சனான். அங்கிள் அப்பவே மோசம் போயிட்டார், உயிரோடை இல்லை எண்டு நினைச்சன்."

"விளக்கை நூத்துவிடு பிள்ளை."

அணைத்தாள். உயிர் தப்பியவர்களுக்கென்று எதிரே வேறொரு சுவர் இருந்தது. அங்கே மாற்றிவிடுவதாகச் சொல்லிக் கூட்டிப்போய்க் காட்டினாள். அந்தப் படங்களைத் தொட்டால் அவரவர் குரல் வரும். பேர்ணடெற் ஒன்றைத் தொட்டாள். ஒரு கறுப்பினக் கிழவர், தனக்கு வீடு வாடகைக்குத் தர மறுத்தவனைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்.

"அங்கிளின்ரை குரல் ஏதாவது கசெற்றிலை இருக்கே, அன்ரி?"

பேர்ணடெற் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இல்லை.

அவள் அந்தச் சுவரில் கிடந்த வெறும் இடத்தைத் தொட்டாள்.

"இதிலை மாட்டினால் சனம் தொட்டுத் தொட்டுப் பாக்குமெல்லே. என்னத்தைக் கேக்கிறது? வேண்டாம் பிள்ளை, அங்கையே இருக்கட்டும். விளக்கைப் போடு."

பல்ப் எரிந்ததும் அவள் சிலுவை அடையாளம் இட்டாள். என்னால் கையைத் தூக்க முடியவில்லை. அன்று பின்னேரம் நான் ஒஷாவாவுக்குப் போய் அவனுக்குச் சவரம் செய்துவிட வேண்டியிருந்தது.