பதினாறு டெராபைட்

கழுத்தில் தொடங்கிய வலி இடது தோளைத் தாண்டி முழங்கை வரை இறங்கிவிட்டிருந்தது. மூட்டை தூக்கி வந்த வலி என்றால் அதற்கு ஒரு கௌரவம் உண்டு. அவளுடைய அப்பா வீட்டில் அந்த வலிதான் சோறு போட்டது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஓடாத படத்தைக் காலை முழுவதும் முறைத்ததற்கு வந்த வலியை யாரிடம் போய்ச் சொல்வது?

வீடியோவை வெட்டி ஒட்டுவது தொழில் என்பதால் எல்லோரும் அவளைக் கத்திரி என்றே கூப்பிட்டார்கள். தம்பி படம் பிடிப்பான், அவள் வெட்டுவாள். செருப்புக் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் இரண்டு பேருக்கும் பிழைப்பு. மூன்று மாதத்துக்கு முன் தம்பி புதுக் கேமரா ஒன்று வாங்கினான். அதில் எடுத்தால் கன்னத்து மயிரை எண்ணிவிடலாம். ஆனால் அந்தப் படத்தை ஏழு வருடக் கம்ப்யூட்டரில் போட்டால் இரண்டடி நடக்கும், நிற்கும், மூச்சு வாங்கும்.

"யானையை வாங்கிட்டு கோழிக்கூண்டுல கட்டுன கதைடா இது" என்றாள்.

"நல்லா எடுத்தா தப்பா, அக்கா?"

"எடு. ஒரு மணி நேரத்துக்கு நானூறு ஜிபி எடு. எங்க வைக்கப் போற, என் தலையிலயா?"

வேறு வழியில்லாமல் அவள் ஒவ்வொரு ஃபைலுக்கும் சின்னதாக, மங்கலாக ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதை வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த நகல் எடுக்கவே அரை நாள் ஆனது.

மற்ற வேலையாக இருந்தால் இழுத்தடித்திருக்கலாம். இது கிரேன்காரர் வேலை. துறைமுகத்தில் இருபது வருடம் கிரேன் ஓட்டிய மனிதர். தொண்டையில் கட்டி, வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடுவார்கள், அப்புறம் குரல் கிடையாது. மனைவி இல்லை, ஒன்பது வயதில் ஒரு மகள். அவளுக்காகப் பேசிப் பதிந்து வைக்க வேண்டும் என்று வந்தார்.

"மூணு நாள் பேசறேன். ரெண்டு நாள் சும்மா திட்டறேன், பாடறேன். மூணாவது நாள் முக்கியமானது" என்றார் முதல் நாளே. குரல் அப்போதே பழைய கதவு மாதிரிக் கிரீச்சிட்டது. பல் தேய்க்காததற்குக் கேமராவைப் பார்த்து மகளைத் திட்டினார். சைக்கிள் செயின் கழன்றால் எப்படி மாட்டுவது என்று சொன்னார். சுருதி எங்கேயோ கிடக்க ஒரு பாட்டுப் பாடிவிட்டு, "இதைக் கேட்டு நீ சிரிக்கணும், அதுக்குத்தான்" என்றார். இரண்டு நாள் முடிந்தபோது பழைய டிஸ்க்கில் ஊசி குத்தக்கூட இடமில்லை. மூன்றாம் நாளுக்கு முன் ஏதாவது வாங்கியே ஆக வேண்டும்.

கத்திரி ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனாள். நல்ல ப்ராசஸர். அறுபத்து நாலு ஜிபி ரேம். வேலை செய்ய வேகமான டிஸ்க் ஒன்று. சேமித்து வைக்கப் பெரிய டிஸ்க் மூன்று: ஒன்று இங்கே, அதன் நகல் பக்கத்தில், இன்னொரு நகல் வீட்டில்.

கடையில் தம்பி அந்தக் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நீலமும் ஊதாவுமாக விளக்கு ஓடிய ஒரு கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றுவிட்டான்.

"இதுல கிராபிக்ஸ் கார்டைப் பாருக்கா. ராட்சசன்."

"விளையாடறவங்க வாங்கறது அது. நாம என்ன அதுல சுடவா போறோம்?"

"கஸ்டமர் உள்ள வந்தா ஒரு மரியாதை வேணாமா?"

"கஸ்டமர் உட்கார நம்மகிட்ட நாற்காலியே இல்லடா!"

கடைக்காரர் அக்கா பக்கமும் தம்பி பக்கமும் தலையை ஆட்டினார். யார் சொன்னாலும் சரி என்பது அவர் தொழில். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அந்த விளக்குக் கம்ப்யூட்டரே வந்தது. அது வந்ததால் ஒரு டிஸ்க் போனது. மூன்று இரண்டானது.

"ரெண்டு டிஸ்க் போடற பெட்டி ஒண்ணு இருக்கு மேடம்" என்றார் கடைக்காரர். "எட்டு டெராபைட் ரெண்டு. ஒண்ணுல எழுதினா அது தானா இன்னொண்ணுலயும் எழுதிக்கும். ஒண்ணு செத்தாலும் ஒண்ணு இருக்கும்."

கத்திரிக்குக் கழுத்து அப்போது தலையைத் தாங்க மறுத்தது. வீட்டில் வைக்கும் நகலை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எதையும் மூன்று இடத்தில் வைக்க வேண்டும்: தொழிலில் அவள் வைத்திருந்த சட்டம் அது ஒன்றுதான். அதை உடைத்தது வேறு யாருமில்லை, அவளே.

அன்று சாயங்காலம் அவள் தோளில் வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்திருக்க, தம்பி அந்த டிஸ்க் பெட்டியை மாட்டினான். மறுநாள் காலை அவள் வந்து பார்த்தபோது இரண்டு பச்சை விளக்கு எரிந்தது. திரையில் மொத்த இடம் பதினாறு டெராபைட் என்று காட்டியது.

எட்டுக்கு எட்டு நகலென்றால் எட்டுதான் காட்ட வேண்டும். அவளுக்கு அது தெரியும். பதினைந்து வருடத் தொழில். ஆனால் அரிசி அளக்கிறவன் கை தவறி ஒரு படி கூடப் போட்டால் பையை மூடிக்கொண்டு நடையைக் கட்டுகிற வீட்டில் வளர்ந்தவள் அவள். நிறைய கிடைத்தால் கேள்வி கேட்கக் கூடாது. பதினாறைப் பார்த்து அவளுக்குக் கிடைத்தது சந்தோஷம். பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் பெட்டிக்கு மாற்றி, பழையதைத் துடைத்து வைத்தாள்.

மூன்றாம் நாள் படப்பிடிப்புக்குத் தம்பி மட்டும் போனான். ஃபைல்களைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, அடுத்த வேலைக்கு வேண்டும் என்று கேமரா கார்டுகளை அழித்தான். புது இயந்திரம் பெரிய ஃபைலையே தண்ணீர் மாதிரி ஓட்டியது. சின்ன நகல் எடுக்கிற தொல்லை ஒழிந்தது என்று அவள் முதல் நாள் படத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள்.

வியாழன் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். டக். டக். டக். ஒரு விளக்கு சிவப்பு.

"ஒண்ணுதானே போச்சு? இன்னொண்ணு இருக்குல்ல" என்றாள் கத்திரி. திரையில் ஒரு ஃபைலும் இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் அரை மணி நேரம் நோண்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யார் செட் பண்ணது? நகலா போடலையே. ரெண்டையும் ஒண்ணா சேர்த்திருக்கீங்க. ஒரு கடுதாசியை முதல் வரி இந்தக் காகிதத்துல, ரெண்டாவது வரி அந்தக் காகிதத்துலன்னு மாத்தி மாத்தி எழுதின மாதிரி. ஒரு காகிதம் எரிஞ்சா மிச்சத்தை யாரு படிக்கறது?"

"புது டிஸ்க் சார்!" என்றான் தம்பி.

"பொறந்த குழந்தைக்கும் சாவு உண்டு. போன ஃபைலை மீட்டுத் தர்றவங்ககிட்ட இப்பவே போன்ல கேட்டேன். உள்ள சுத்தற தட்டே கீறியிருக்குன்னா ஆசை வைக்காதீங்கங்கறாங்க. இந்தச் சத்தம் கீறல்தான்."

தெருவுக்கு வந்ததும் கத்திரி நின்றாள்.

"என்னடா செஞ்ச?"

"செட் பண்றப்ப எட்டா பதினாறான்னு கேட்டுச்சுக்கா. பதினாறுக்குக் காசு குடுத்துட்டு எட்டு போதும்னு எவன் சொல்வான்?"

"எவனும் சொல்ல மாட்டான்! நம்ம வீட்டுல எவனுமே சொல்ல மாட்டான்!" அவள் கத்தியதில் எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கி நின்றுவிட்டார். "கார்டை எதுக்குடா அழிச்ச?"

"ரெண்டு டிஸ்க்லயும் இருக்குன்னு நினைச்சேன். நீயும் பச்சை விளக்கைப் பார்த்துட்டு சரின்னுதானே சொன்ன?"

அது உண்மை என்பதுதான் அவளை இன்னும் எரிச்சலூட்டியது. மிச்ச வழியெல்லாம் அவனுக்கு முன்னால் நடந்தாள்.

அறைக்கு வந்து பழைய கம்ப்யூட்டரை இழுத்துப் போட்டாள். அது நான்கு நிமிடம் முனகி எழுந்தது. முதல் இரண்டு நாளின் சின்ன நகல்கள், அவள் துடைத்த டிஸ்க்கில் இல்லாமல், கம்ப்யூட்டருக்குள்ளேயே அப்படியே கிடந்தன. படம் மங்கல், கன்னத்து மயிர் இல்லை, கன்னமே கொஞ்சம் கட்டம் கட்டமாகத்தான் இருந்தது. குரல் மட்டும் முழுசாக இருந்தது. மூன்றாம் நாளுக்கு நகல் இல்லை. ராட்சசனுக்குத்தான் நகல் தேவைப்படவில்லையே.

"அன்னைக்கு என்னடா பேசினார்?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "நான் ஃபோகஸ் பார்த்துட்டிருந்தேன். அந்தப் பொண்ணோட அம்மா எப்படி இருப்பாங்கன்னு சொன்னார். அப்புறம் பெரியவளானதும் கேட்கணும்னு என்னமோ... நடுவுல அழுதார். பேட்டரி மாத்தினேன். சரியா ஞாபகம் இல்லக்கா."

பத்து நாள் கழித்து, இரண்டு பேரும் கிரேன்காரர் வீட்டுக்குப் போனார்கள். கழுத்தில் கட்டு, கட்டின் நடுவே மூச்சுக்கு ஒரு துளை. மகளுடைய பள்ளிச் சிலேட்டும் பலப்பமும் அவர் மடியில் இருந்தன. கத்திரி கொண்டுபோன படத்தைப் போட்டாள். மகள் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். பாட்டு வந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா நினைத்த இடத்திலேயே சிரித்தாள்.

படம் முடிந்தது. பெண் விரல் விட்டு எண்ணினாள்.

"அத்தை, அப்பா மூணு சட்டை மாத்திட்டு வந்து பேசினார். இதுல ரெண்டு சட்டைதானே வருது?"

தம்பி சுவரைப் பார்த்தான். வழியெல்லாம் யோசித்து வைத்த சமாதானத்தைக் கத்திரி விட்டுவிட்டாள்.

"மூணாவது நாள் தொலைஞ்சு போச்சும்மா. தானா தொலையல. நாங்க தொலைச்சுட்டோம்."

கிரேன்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு; திட்டுவதற்கு அவரிடம் குரல் இல்லை. பலப்பத்தை எடுத்து எழுதி, மகளுக்குத் தெரியாமல் சிலேட்டை இவள் பக்கம் திருப்பினார். தொலைந்தது எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தார்.

"நாப்பத்தொரு நிமிஷம்" என்றாள்.

அவர் தலையசைத்து, கையாலேயே சிலேட்டைத் துடைத்தார். மூன்றாம் நாள் பேசியதை அவர் எழுதிக் கொடுக்கலாம்தான். ஆனால் அது வேறு பொருள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். வாங்கின முன்பணத்தைக் கத்திரி திருப்பி நீட்டியபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். அது வேறு கணக்கு. அந்தப் பெண்ணுக்கு அவர்கள் தர வேண்டியது அவளுடைய அப்பாவின் குரல், நாற்பத்தொரு நிமிடம்.