எழுந்து நின்றவர்கள் எல்லாம் ஆதரவு

1

இந்தக் கதை என் கால் மரத்துப்போனதால் பிறந்தது. மற்றவர்களுக்குக் கதை எப்படிப் பிறக்கிறதோ எனக்குத் தெரியாது. மழையைப் பார்த்துப் பிறந்தது, ரயிலில் ஒரு முகத்தைப் பார்த்துப் பிறந்தது என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இடது கால்தான்.

இது 1968, பங்குனி மாதம். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கத் தீர்மானம் போட்டுவிட்டு, டில்லி எப்போது தலையாட்டும் என்று காத்திருக்கிறோம். மாநிலமே பெயர் மாற்றிக்கொள்ளும்போது நகரம் சும்மா இருக்குமா? எங்கள் உறையூர் வாசகசாலையில் ஒரு விவாதக் கூட்டம் போட்டார்கள். தலைப்பு: திருச்சிராப்பள்ளி நகரத்துக்கு அதன் பழைய சரித்திரத்தை மதித்து உறையூர் என்றே பெயர் சூட்டலாமா, கூடாதா?

அந்தக் கூட்டத்தின் முடிவில் ஒரு பெண் ஏதோ சொல்ல எழுந்து நின்றார். சொல்லவில்லை. அவர் என்ன சொல்ல எழுந்தார் என்பதுதான் கதை. எனக்கும் அது தெரியாது என்பதுதான் சிக்கல்.

(ஆராய்ச்சி செய்கிறவர்கள் இந்தக் கூட்டத்தைப் பழைய பேப்பர்களில் தேட வேண்டாம். கிடைக்காது. கிடைக்காததற்கு என்னைத் திட்டவும் வேண்டாம்.)

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

“சங்க காலச் சோழர்களின் தலைநகராக விளங்கிய உறையூரில் அன்று மாலை…”

பள்ளிக்கூடப் பாடம். அடுத்த வரியில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும்.

“மலைக்கோட்டைக்குப் பின்னால் சூரியன்…”

வேண்டாம். திருச்சியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்தச் சூரியனை ஒரு தடவை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறார்கள். அதுவும் பாவம், எத்தனை தரம் இறங்கும்.

“வேலம்மாள் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்.”

இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

வேலம்மாள் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி அவருடைய சுருட்டுக் கொட்டகை இருக்கிறது. கணவர் ஆரம்பித்தது. அவர் போன பிறகு இவர் நடத்துகிறார். உறையூர்ச் சுருட்டு உள்ளூரில் விற்பது கொஞ்சம்தான். நல்ல சரக்கெல்லாம் சென்னைத் துறைமுகத்து வியாபாரி ஒருவர் வாங்கிக் கப்பலில் அனுப்புகிறார். பெட்டியின் மேல் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ‘டிரிச்சினாப்பொலி’ என்று போட்டிருக்கும். சீமையில் நம் ஊரைத் தெரிந்தவன் எல்லாம் இந்தப் பெயரால்தான் தெரிந்துவைத்திருக்கிறான், அதுவும் வாயில் புகையோடு.

அந்த லேபிளைப் பெட்டிகளில் ஒட்டுகிற வேலை வீரமலையுடையது. உப்பிலியபுரத்துப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். கொட்டகையில் கணக்குப் பார்ப்பதும் அவன்தான். இந்தப் பெயர்மாற்ற இயக்கத்தை ஆரம்பித்தவனும் அவனே. எங்கள் ஊரில் பிறந்தவர்கள் யாருக்கும் சோழன்மேல் இவ்வளவு பிரியம் கிடையாது. எங்களுக்கு அவன் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. வெளியூரிலிருந்து வந்தவனுக்குத்தான் ராஜா தெரிகிறான்.

“வீரமலை, பசை காயுது. சோழனை அப்பறம் பாத்துக்கலாம்.”

“அம்மா, நீங்க சும்மா கேலி பண்றீங்க. இது தலைநகரம்மா.”

“இருக்கட்டும்ப்பா. தலைநகரத்துலதான் உக்காந்து சுருட்டு சுத்துறோம். யாரு இல்லைன்னா?”

“வெள்ளைக்காரன் வாயில நுழையலைன்னு வெச்ச பேரை நாம பெட்டில ஒட்டிக்கிட்டிருக்கோம். எனக்குக் கை கூசுதும்மா.”

“கூசுனா துணியில தொடச்சுக்கிட்டு ஒட்டு.”

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இப்படிப் பேசுகிற பையனை எந்த முதலாளி வேலையில் வைத்திருப்பார்? என் மனைவி சந்திரம்மாளிடம் கேட்டேன். “கணக்குல தப்பு வராம பாத்துக்கிறான்ல. அது போதும் அவங்களுக்கு. எல்லாரும் உங்களை மாதிரியா, ஒத்த கருத்து இல்லைன்னா பேச மாட்டேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க?” என்றாள். சந்தேகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ஆனால் வீரமலையின் தீர்மானத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, நகரத்துக்கு உறையூர் என்று பெயர் வைப்பது. இரண்டு, பழைய இங்கிலீஷ் பெயரை இனி எந்தக் கடைப் பலகையிலும், எந்தச் சரக்குப் பெட்டியிலும் போடக் கூடாது என்பது. முதல் பகுதியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது பகுதி வேலம்மாளின் அடுப்பில் தண்ணீர் ஊற்றும். அந்தப் பெயர் இல்லாத பெட்டியைத் தொட மாட்டேன் என்று சென்னை வியாபாரி சொல்லிவிட்டார். கொட்டகையில் சுருட்டுச் சுற்றுகிற பெண்களுக்கு வேறு தொழில் தெரியாது. இதை வீரமலை யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தால் கலங்கிப்போவான் என்று வேலம்மாளும் அவனிடம் சொல்லவில்லை. சபையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

4

கூட்டம் நடந்த நாளைச் சொல்ல வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

அன்று சேர்த்தி. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் உறையூர் நாச்சியார் சோழ ராஜாவின் பெண். ஸ்ரீரங்கத்துப் பெருமாள் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அதனால் வருஷத்துக்கு ஒரு நாள், பங்குனியில், பல்லக்கில் மாமனார் ஊருக்கு வருவார். தண்ணீர் இல்லாத காவிரி மணலைக் கடந்து வருகிறவரை ஊரே எதிர்கொண்டு அழைக்கும். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.*

அன்றைக்கு ஊரில் கூட்டம் நிறைய இருக்கும், அப்படியே நம் பந்தலுக்கும் வந்துவிடும் என்று வாசகசாலைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கு சரிதான். பந்தல் நிரம்பி வழிந்தது. நான் முன்பெஞ்சில் காலை மடித்து உட்கார்ந்திருந்தேன்.

வீரமலை நன்றாகவே பேசினான். மலைக்கோட்டைக்குக் கீழே பாத்திரக்கடை வைத்திருக்கும் வெள்ளைச்சாமி எதிர்த்துப் பேசினார். “சரித்திரம்னா யாரு சரித்திரம்? மலையில தவம் பண்ண சமண முனிவரு சரித்திரமா, சோழன் சரித்திரமா, நாயக்கர் சரித்திரமா, நவாப்பு சரித்திரமா? ஒவ்வொருத்தரும் வந்து அவங்கவங்க பேரைக் கேட்டா கடை விலாசத்தை நான் வருஷா வருஷம் அழிச்சு எழுதணும்” என்றார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகவே பட்டது. எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி.

பேச்சுகள் முடிந்ததும் நடுவர் சொன்னார்: “தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கவும்.”

பின்வரிசையிலிருந்து வேலம்மாள் எழுந்தார். “ஐயா, ஒரு வார்த்தை…” என்றார்.

அதே நேரத்தில் கோயிலிலிருந்து நாகஸ்வரம் கேட்டது. திரை திறந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பந்தலே எழுந்தது. ஆதரிக்க எழவில்லை, சேவிக்க எழுந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள், செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்தார்கள். எதிர்த்துப் பேசிய வெள்ளைச்சாமியே முதல் ஆளாக எழுந்து ஓடினார். நடுவருக்கும் அவசரம். மேடையைவிட்டு இறங்கிக்கொண்டே, “முன்வரிசையில் ஒருவர் நீங்கலாக அனைவரும் ஆதரவு. தீர்மானம் நிறைவேறியது” என்று அறிவித்துவிட்டுப் போனார்.

அந்த ஒருவர் நான். எனக்குக் கொள்கை ஒன்றும் இல்லை. கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை.

எதிர்ப்புச் சொல்ல எழுந்த வேலம்மாள் ஆதரவுக் கணக்கில் சேர்ந்தார்.

* உறையூரார் மாமனார் ஊர் என்று பெருமை பேசுவதை என் மனைவி காது கொடுத்துக் கேட்பதில்லை. அவள் ஸ்ரீரங்கத்துப் பெண். இது பிறகு வருகிறது.

5

ஆக, அவர் சொல்ல வந்ததை நான்தான் எழுத வேண்டும்.

முதல் பேச்சு:

“சபையோர்களே! பெயர் என்பது உழைக்கும் கரங்களின் வியர்வையால்…”

அடித்துவிட்டேன். மூன்று தெரு தள்ளி இருக்கிற பெண்மணி இப்படிப் பேசினால் நானே பயந்துவிடுவேன்.

“நேராப் போய் அவங்களையே கேட்டா என்னங்க?” என்றாள் சந்திரம்மாள்.

கேட்டு எழுதினால் அது கதை ஆகாது, பேப்பர் செய்தி ஆகிவிடும் என்று விளக்கினேன். உண்மையான காரணம் வேறு. அவர் சொன்னது நான் எழுதியதைவிட நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

“அப்ப இதை எழுதிக்குங்க” என்று அவளே ஒரு பேச்சு கொடுத்தாள். அவள் பிறந்த ஊரில் நடப்பது இது. உறையூருக்கு வந்துபோன பெருமாள், உத்திரத்தன்று ஸ்ரீரங்கத்தில் மூத்த நாச்சியாரான தாயாரைப் பார்க்கப் போனால் தாயார் கதவைச் சாத்திவிடுவார். எங்கே போயிருந்தீர் என்று விசாரணை நடக்கும். பெருமாள் உறையூர் என்று வாய் திறக்க மாட்டார். மோதிரம் தொலைந்தது, தேடப் போனேன் என்பார். சத்தியம் செய்கிறேன் என்பார். பூவாலும் பழத்தாலும் அடி விழும்.

“பெருமாளே அந்த ஊரு பேரை எங்க வாசல்ல சொல்ல மாட்டேங்கிறாரு. அதை ஊரு பூரா எழுதி வெச்சா அவரு எந்த வழியா வீட்டுக்கு வருவாரு? இதைச் சொல்லியிருப்பாங்க வேலம்மாக்கா” என்றாள்.

அருமையான பேச்சு. அப்படியே எழுதினேன். பந்தல் சிரித்தது, வீரமலை தலையைச் சொறிந்தான், தீர்மானம் தோற்றது, வேலம்மாள் ஜெயித்தார். கதை முடிந்தது.

முடிந்திருக்கும்.

6

இந்தப் பகுதி நான் கட்டியது அல்ல. நம்புங்கள் என்று கெஞ்சவும் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை வேலம்மாள் வீட்டுக்கு வந்தார். வரவழைத்தவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் காபி போட உள்ளே போய்விட்டாள்.

“என்னை வெச்சு என்னமோ எழுதுறீங்களாமே சார். சந்திரா சொல்லுச்சு.”

இரண்டு பேச்சுகளையும் படித்துக் காட்டினேன். முதலாவதைக் கேட்டு, “ரேடியோவுல பேசுற மாதிரி இருக்கு” என்றார். இரண்டாவதற்குச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

“நல்லாருக்கு. ஆனா நான் சொல்ல மாட்டேங்க. நம்ம பொழப்புக்குப் பெருமாளைச் சாட்சிக்கு இழுக்கிறதா?”

“அப்ப நீங்க என்னதான் சொல்ல எந்திரிச்சீங்கக்கா?”

அவர் காபியை வாங்கி ஆற்றினார்.

“உங்ககிட்ட சொன்னா எழுதிடுவீங்க. எழுதிட்டா நான் பேசி முடிச்ச மாதிரி ஆயிடும். நாலு பேரு படிச்சிட்டு, பாவம், அந்தம்மா நல்லாப் பேசுச்சுன்னு போயிடுவாங்க. நான் இன்னும் பேசலைங்க.”

எனக்கு முகம் சுட்டது.

“கதையில நீங்க ஜெயிக்கிறீங்கக்கா” என்றேன், ஏதோ பரிசு கொடுக்கிறவன் போல.

“கதையில ஜெயிச்சு என்ன பண்றது? வாசகசாலைக்காரங்க அனுப்பி, நாளைக்கு நகராட்சியில இந்தத் தீர்மானத்தை எடுக்கிறாங்க. ஆதரவுன்னு எந்திரிச்சு நின்னவ இப்ப வந்து எதுக்கிறாளேன்னு கேப்பாங்க. என் பேச்சு ஏறாது. உக்காந்திருந்தது நீங்க ஒருத்தர்தான். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க வந்து சொன்னா என்னைப் பேச விடுவாங்க.”

நான் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. “அக்கா, எனக்கு உறையூருங்கிற பேரு ரொம்பப் பிடிக்கும். நான் எதிர்ப்பு இல்லை. கால் மரத்துப்போச்சு, அவ்வளவுதான்.”

“எனக்கும்தாங்க பிடிக்கும். நான் பொறந்த ஊரு. கால் மரத்துப்போச்சுன்னே அங்க சொல்லுங்க. அதைத்தான் நான் கேக்கிறேன்.”

“வீரமலை?”

“அவனும் வரான். அவன் பேசட்டும், நானும் பேசுறேன். அவன் மூணு ராத்திரியா எழுதிக்கிட்டிருக்கான். எனக்கு எழுதத் தெரியாது, அதனால சீக்கிரம் முடிச்சிடுவேன்.”

போகும்போது வாசலில் திரும்பி, “காலையில பத்து மணிக்குங்க. கால மடிச்சு உக்காராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

7

இன்று திங்கட்கிழமை. மணி ஒன்பதரை.

முடிவுகள் கைவசம் நிறைய இருக்கின்றன. நகராட்சியில் எல்லோரும் மனம் மாறி இரண்டாவது பகுதியை மட்டும் எடுத்துவிடுகிறார்கள், சோழனும் பிழைக்கிறான், சுருட்டும் பிழைக்கிறது. இது தீபாவளி மலருக்கு ஏற்ற முடிவு. அல்லது தீர்மானம் அப்படியே நிறைவேறுகிறது, கொட்டகை மூடுகிறது, கடைசி லேபிளை வீரமலை கண்ணீரோடு ஒட்டுகிறான். இது பரிசுப் போட்டிக்கு. அல்லது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். இது எனக்குத் தெரிந்த அலுவலகங்களின் முடிவு.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் வேலம்மாள் பேசுகிற இடம் வரும்போது என் கை தானாக வார்த்தை தேடுகிறது. நல்ல நல்ல வார்த்தைகளாகவும் கிடைக்கின்றன. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால் முடிவை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். ஊருக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தைத் தோற்கடியுங்கள், ஜெயிக்க வையுங்கள், சோழனையே வரவழைத்துச் சாட்சி சொல்ல வையுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த அம்மா எழுந்து நின்று “ஐயா, ஒரு வார்த்தை” என்று சொன்னதும் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

வேலம்மாள் வாசலில் கூப்பிடுகிறார். சந்திரம்மாள் என் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். நான் இந்த வரியோடு